வாய் லின்னின் உள்ளங்கைகள்

"மார்ச் 7, சனி. மாலைப் பயிற்சி வகுப்பில் ஒரு சிறு தவறு. சீட்டுப் போடும் டீலரான என் கையில் ராணிகூட இல்லை. அப்படியானால் ஆடுகிறவருக்கு முதல் பந்தயத்துக்கு மட்டும் பணம் தர வேண்டும். இரண்டாவதை அப்படியே திருப்பிவிட வேண்டும். நான் இரண்டுக்கும் கொடுத்துவிட்டேன். நாளை மான் ஃபாய் வீட்டில் விருந்து. அங்கே தவறு கூடாது."

நாட்குறிப்பில் 'கூடாது'வின் கீழே வாய் லின் இரண்டு கோடு போட்டாள். மான் ஃபாயை அவள் கல்யாணம் செய்துகொள்ள அவன் அம்மா தலையசைக்க வேண்டும். காசினோவில் சீட்டுப் போடுகிற பெண் மட்டும் வேண்டாம் என்பது அந்த அம்மாளின் ஒரே நிபந்தனை. மக்காவ் நகரத்தில் அந்த வேலைக்குப் போகாத பெண்ணைத் தேடுவதே பெரும்பாடு. வாய் லின்னோ அடுத்த வாரம் மூன்று சீட்டு போக்கர் மேசையில் டீலராகச் சேரப்போகிறவள். அவள் கணக்கு வகுப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தான் மான் ஃபாய்.

ஞாயிறு மதியம் முட்டை டார்ட் பலகாரப் பெட்டியோடு போய் இறங்கினாள். வருங்கால மாமியாரான அத்தைக்கு இரண்டு கையாலும் தேநீர் கொடுத்தாள். கோப்பை கை மாறியதும் கைகளை மெல்ல ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கைகளை விரித்துத் திருப்பிக் காட்டினாள். கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று காசினோ டீலர்கள் கூரைக் கேமராவுக்குக் காட்டுகிற பழக்கம். இங்கே கூரையில் மின்விசிறிதான் இருந்தது.

அத்தை உற்றுப் பார்த்தாள்.

"வேர்வை, அத்தை. காய வைக்கிறேன்."

அதற்கப்புறம் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அத்தை மீன் தட்டை நீட்டினாள். வாங்கினாள், வைத்தாள், தட்டினாள், விரித்தாள்.

"இப்பவும் வேர்வையா?"

மேசையைத் துடைத்ததும் அத்தை அலமாரியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள். "கணக்குப் படிக்கிற பொண்ணுதானே, கலைச்சுப் போடு" என்றாள்.

தெரியாதவள்போல் கலைக்கப் பார்த்து, பாதிக் கட்டை ஓரத்தில் மிச்சமிருந்த மீன் குழம்புக் கிண்ணத்தில் நழுவவிட்டாள் வாய் லின். பதறிப்போய் அள்ளித் துடைத்தவள், சீட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அவசரத்தில் ஒரே வீச்சில் மேசை மேல் பரப்பினாள். ஐம்பத்திரண்டும் மயில் தோகைபோல வளைந்து நின்றன. மான் ஃபாய் கண்ணை மூடிக்கொண்டான்.

பந்தயத்துக்குத் தர்ப்பூசணி விதை. அத்தை பத்து வைத்தாள், தன் மூன்று சீட்டைப் பார்த்தாள், இன்னும் பத்து வைத்தாள். ஜோடி ஏழு. வாய் லின் தன் கையைத் திறந்தாள்: ஜாக்கி, ஒன்பது, நாலு. விவரம் தெரியாதவளாகத் தோன்ற இதுதான் சமயம் என்று, நேற்றுச் செய்த தவறையே வேண்டுமென்றே செய்தாள். இருபது விதையை எண்ணித் தள்ளினாள்.

அத்தை நிமிராமலே பத்தைத் திருப்பித் தள்ளினாள். "உன்கிட்ட ராணி இல்லையே. இது எனக்குச் சேராது."

"ஆமா அத்தை, டீலருக்கு ராணி வந்தாத்தான் ரெண்டாவது பந்தயத்துக்குப் பணம்..."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மான் ஃபாயின் அப்பாவான மாமா மட்டும் குதிரைப் பந்தயச் செய்தியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அத்தை கேள்விமேல் கேள்வி கேட்டாள். எந்த ஹோட்டல் காசினோ, எந்த மாடி, பகலா மாலையா. ஒவ்வொரு பதிலுக்கும் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

"வார நாள் எல்லாமா? வெள்ளிக்கிழமையும்?"

"வெள்ளிக்கிழமையும்தான், அத்தை."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் பலமாக வைக்கப்பட்டது. மான் ஃபாய் பின்னாலேயே ஓடினான். வாய் லின் கைப்பையை எடுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. மேசையைப் பார்த்து உள்ளங்கைகளை ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

மாமா செய்தித்தாளை மடித்தார்.

"உக்காரும்மா. உன்னை அவளுக்குப் பிடிக்காம இல்ல. சொந்தக்காரங்க டீலரா நிக்கிற மேசையில ஆடக் கூடாதுன்னு நீ சேரப்போற அந்த ஹோட்டல்ல விதியாம். ஒன்பது வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம அவ ஆடுற மேசை அது ஒண்ணுதான்."

"மார்ச் 8, ஞாயிறு. நாளை செய்ய வேண்டியது: வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாகக் கேட்டு விண்ணப்பம் எழுதுவது."