நான் ஊதாத என் பாட்டு

ஆயர் ஈத்தாம், பினாங்கு
மார்ச் 1982

பெருமதிப்புக்குரிய அத்தான் பரமநாதன் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் அம்பிகைபாகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஈப்போவில் தாங்களும் பத்மாவதி அக்காவும் சுகமாக இருக்க முருகன் அருளட்டும். இங்கே என் முன்பற்கள் இரண்டைத் தவிர எல்லாரும் நலம். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறதி இல்லை. நல்லது நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

எங்கள் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. "யார் பாடுறது?" என்று கேட்பீர்கள். யாரும் பாடவில்லை. இது ஜாஸ். அக்காவைத் தாங்கள் கட்டிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். நாங்கள் ஐந்து பேர். யூசுப் சாக்ஸபோன், நான் டிரம்பெட், மற்ற மூவர் பியானோ, பாஸ், டிரம்ஸ். ஹோட்டலில் சாப்பிடுகிறவர்களின் கரண்டிச் சத்தத்துக்கு நடுவே ஊரார் பாட்டுகளை வாசித்தே தலை நரைத்தவர்கள். ஓர் இசைத்தட்டாவது முழுக்க எங்கள் சொந்த மெட்டாக இருக்கட்டும் என்று ஆளுக்கு ஒன்று அமைத்தோம். என்னுடையதற்கு 'ஆயர் ஈத்தாம் கடைசி பஸ்' என்று பெயர். வேலை முடிந்து வீடு திரும்பும்போது அந்த பஸ் திணறித் திணறி வருமே, அந்தத் தாளத்தில் பிறந்தது. பல் டாக்டர் தீபாவளிக்கு முன்பே இரண்டு பல்லையும் எடுக்கச் சொன்னார். முன்பல் போனால் டிரம்பெட்டும் போயிற்று. என் மெட்டை ஒரே ஒரு தடவை ஊதிப் பதிந்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் கெஞ்சி, கிராம்புத் தைலம் தடவி நாளை ஓட்டினேன். என் மூச்சு ஒரு தட்டிலாவது மிஞ்ச வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை, அத்தான்.

மற்ற நால்வரின் மெட்டுகளையும் ஜனவரியில் பதிந்தோம். எல்லாவற்றிலும் நானும் ஊதினேன். அவற்றுக்கு நேரம் எதுவும் பார்க்கவில்லை, ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. நம்முடையது ஆயிற்றே என்று என் மெட்டுக்கு மட்டும் தங்களிடம் நேரம் கேட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டபோது தாங்கள் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. "உனக்குச் சந்திராஷ்டமம். சனிக்கிழமை பதினொன்றரைக்கு விலகுது. அதுக்கு முன்னால அந்தக் குழலை வாயில வைக்காதே" என்றீர்கள், போனை வைத்துவிட்டீர்கள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர், கொடி காட்டுகிற மாதிரிதான் பேசுவீர்கள்.

புத்தாண்டு அன்று அரசாங்கம் நாட்டுக் கடிகாரங்களையெல்லாம் அரை மணி முன்னே தள்ளியது தங்களுக்குத் தெரியும். அரசாங்கம் சொன்னால் கடிகாரம் கேட்கும், சந்திரன் கேட்குமா? அத்தான் சொன்னது பழைய மணிதான், புது மணிக்கு அது பன்னிரண்டு என்று நானாகவே அரை மணி கூட்டிக்கொண்டேன். என் மனைவி வள்ளிநாயகிகூட என் மூளையை மெச்சினாள். அவள் மெச்சியபோதே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

ஸ்டூடியோ ஜாலான் பினாங்கு ரோட்டில் ஒரு கடையின் மாடியில். சனிக்கிழமை படிக்கட்டில் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு யூசுப் வெளியே வந்தான்.

"அண்ணே, உங்க பாட்டுதான் பாக்கி. பன்னெண்டுக்கு வேற பார்ட்டி வருது. வாங்க லா."

"பன்னெண்டுக்கு வரேன் தம்பி."

"பன்னெண்டுக்கு வந்து எங்க ஊதுவீங்க, படியிலயா?"

"எனக்குச் சந்திராஷ்டமம் யூசுப். இன்னும் விலகல."

"எனக்கு இல்லியே அண்ணே. பியானோக்காரனுக்கும் இல்ல. இன்னிக்கு விட்டா ஸ்டூடியோ கிடைக்காது. எழுந்திருங்க."

கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தான். நான் அசையவில்லை. மெத்தை வைத்துத் தைத்த கதவு மூடியது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பாஸ் மட்டும் படிக்கட்டு வழியாக என் முதுகில் அதிர்ந்தது. அதை வைத்தே பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் ஊத வேண்டிய இடத்தை யூசுப் சாக்ஸபோனில் ஊதி, ஒரே தடவையில் முடித்துவிட்டான். சரியாகப் பன்னிரண்டுக்கு வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். சீனப் பெருநாள் பாட்டுப் பதிய வந்த கூட்டம் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் என்னை ஸ்டூடியோ ஆள் என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

தைப்பூசத்துக்கு வந்த அக்கா, தோசை ஊற்றிக்கொண்டே சாவகாசமாகச் சொல்கிறாள்: "உங்க அத்தான் கணக்குல தப்பே வராதுடா. இலங்கை மணியில இருந்து நம்ம மணிக்கு மாத்தி, புதுசா வந்த அரை மணியையும் கூட்டித்தான் உனக்குப் பதினொன்றரைன்னு சொன்னாரு." பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தேன். யூசுப் என் கையைப் பிடித்து இழுத்தானே, அப்போதே சந்திரன் என்னை விட்டுப் போயிருந்தது. நல்ல நேரம் முழுவதையும் படிக்கட்டில் உட்கார்ந்து கழித்திருக்கிறேன். 'புது மணி' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் தங்கள் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

இசைத்தட்டின் உறையில் 'டிரம்பெட்: அம்பிகைபாகன், கடைசி பஸ் நீங்கலாக' என்று போட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அந்தப் பாட்டைத்தான் புகழ்கிறார்கள். யூசுப் நன்றாகத்தான் ஊதியிருக்கிறான், அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஹோட்டலில் இப்போது டிஸ்கோ வைத்துவிட்டார்கள். யூசுப் சிங்கப்பூர் போய்விட்டான், குழுவும் கலைந்தது. இன்னொரு தட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தாங்கள் அனுப்பிய பஞ்சாங்கத்தை ஆடுகிற அலமாரியின் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். இப்போது அலமாரி ஆடவில்லை. இனி இந்த வீட்டில் எதற்கும் தங்களிடம் நேரம் கேட்கப்போவதில்லை. நான் சாகும்போதுகூட எனக்குத் தோதான நேரத்தில் சாவேன்.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் முழங்கால் வலி குறையத் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். கோபம் தங்கள் மேல்தான், முழங்கால் மேல் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
அம்பிகைபாகன்

உ
பி.கு.: இனிமேல் தாங்காது, இந்த மாதமே பல்லை எடுத்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். பல் பிடுங்க எனக்கு ஒரு நல்ல நாளும் நேரமும் பார்த்து எழுதவும். பழைய மணியா புது மணியா என்பதையும் எழுதவும். முடிந்தால் கொஞ்சம் தள்ளியே பார்க்கவும்.