முப்பத்தொன்பது புது ஆணிகள்

நாற்பது படங்களில் பதினேழாவது மட்டும் இன்றைக்கும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

கண்காட்சிப் பொறுப்பாளர் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அதை நேராக்கினார். மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. நேற்று மாலை ஐந்து மணிக்கு அவர் கிளம்பும்போதும் அங்கேதான் நின்றது.

பல்கலைக்கழகத்தின் நீண்ட நடைகூடத்தைச் சாதனையாளர் கூடமாக மாற்றுவது அவர் வேலை. விஷக்காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடித்த பழைய மாணவர், ஓட்டத்தில் உலகத் தங்கம் வாங்கியவர், பெண்களுக்கு முதன்முதலாக விடுதி கட்டிக் கொடுத்த முன்னாள் துணைவேந்தர் என எல்லோரும் சுவரில் ஒழுங்காக இருந்தார்கள். சாய்ந்து சாய்ந்து மானத்தை வாங்கியவர், இங்கேயே படித்து, கடல் முகத்துவாரத்தில் பாலம் கட்டிய பொறியாளர் அம்மாள். கூடத்தைத் திறந்துவைக்க வரப்போவதும் அவரேதான்.

"புயலுக்கே அந்தப் பாலம் அசையலை. நம்ம சுவத்துல அவங்க படம் நிக்க மாட்டேங்குது. பத்திரிகைக்காரன் சும்மா விடுவானா?" என்றார் துணைவேந்தர். "விழா நல்லா நடந்தா உங்க வேலை நிரந்தரம்மா. இது சாஞ்சா..." படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பொறுப்பாளர் தச்சரைக் கூப்பிட்டார்.

"ஒத்த ஆணின்னா அப்படித்தாம்மா. கம்பி வழுக்கும்," என்றார் தச்சர்.

உண்மைதான். ஒரே ஆணியில் தொங்கும் படம் தராசு மாதிரி. ஒரு பக்கம் லேசாகத் தொட்டாலும் சாயும். இரண்டு ஆணி இருந்தால் கம்பி இரண்டு இடத்தில் பிடிபடும், நகர வழியில்லை. தச்சர் இரண்டாவது ஆணியை அடித்தார்.

மறுநாள் காலை அந்த ஆணி, உள்ளங்கை அகலச் சுவர்ப் பூச்சோடு தரையில் கிடந்தது. படம் பழைய ஆணியில் பழையபடி சாய்ந்து தொங்கியது.

"இந்தப் பழைய ஆணிதான் சகுனி," என்றார் தச்சர். மற்ற முப்பத்தொன்பதும் அவர் அடித்த புது ஆணிகள். இது மட்டும் முன்பே சுவரில் இருந்தது. சரியான இடத்தில் இருக்கிறதே என்று அப்படியே விட்டிருந்தார்கள். தச்சர் குறடால் பிடித்து, சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். ஆணி வரவில்லை. குறடோடு தச்சர்தான் வந்து உட்கார்ந்தார், தரையில்.

"யாரும்மா இத அடிச்சது? ஆளு கெடச்சா கும்பிடணும்!"

அடுத்து இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். மறுநாள் டேப் சுவரின் வண்ணத்தையும் உரித்துக்கொண்டு தொங்கியது. பெரிய தேசப்படம் ஒன்று சுவரில் உருவாகியிருந்தது.

கடைசியில் இயற்பியல் பேராசிரியர் வந்தார். ஜன்னல் விளிம்பில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக் குனிந்து பார்த்தார். தண்ணீரில் வட்டவட்டமாக மெல்லிய அலை எழுந்தது.

"பாத்தீங்களா! சுவத்துக்கு அந்தப் பக்கம் மோட்டார் அறை. மோட்டார் அதிருது, சுவர் அதிருது, படம் ஆடுது."

"மத்த முப்பத்தொன்பதும் ஏன் சார் ஆடலை?"

"தொங்குற ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொந்தத் தாளம் இருக்கும்மா. ஊஞ்சல சரியான நேரத்துல தள்ளினாத்தானே வேகம் ஏறும்? இந்த மோட்டாரோட தாளம் இந்தப் படத்துக்கு மட்டும் பொருந்துது."

கேட்க அவ்வளவு அழகாக இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். விழா நாளன்று பத்து மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட வேண்டும் என்று உத்தரவு போனது.

பத்து மணிக்கு மோட்டார் நின்றது. பத்தேகாலுக்குத் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. விருந்தினர்களுக்குத் தேநீர் இல்லை. முகம் கழுவப் போன பதிவாளர் சோப்பு நுரையோடு கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "யாராவது ஒரு சொம்பு தண்ணி..." என்றார்.

ஆனால் படம் நேராக இருந்தது. பொறியாளர் அம்மாள் ரிப்பனை வெட்டினார். கைதட்டல். பொறுப்பாளருக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு முழுதாக மூச்சு வந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மோட்டார்க்காரர் வந்தார். நேராகப் பதினேழாவது படத்துக்குப் போனார். அதை முழங்கையால் தள்ளினார். பின்னாலிருந்த ஆணியில் ஒரு பெரிய சாவியை மாட்டினார். படம் இடப்பக்கம் சாய்ந்தது.

"யோவ்! என்னய்யா பண்றே?" என்று கத்தினார் துணைவேந்தர்.

"மோட்டார் அறைச் சாவிங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டுவேன், விடியக்காலை அஞ்சுக்கு எடுப்பேன். இன்னிக்குப் பத்துக்கே பூட்டச் சொன்னீங்க, அதான்."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்றார் பொறுப்பாளர், அழுகையும் சிரிப்புமாக.

"யாரும் கேக்கலையேம்மா."

"முதல்ல அந்த ஆணியப் பிடுங்குங்க!" என்றார் துணைவேந்தர்.

"முடியாது சார்," என்றார் பொறுப்பாளர். "தச்சரே தோத்துட்டார்."

பொறியாளர் அம்மாள் கிட்டே வந்து ஆணியைத் தொட்டுப் பார்த்தார். "தோக்கத்தான் செய்வார். வெறும் பூச்சுல அடிச்சது ஒரு இடி இடிச்சா வந்துடும். செங்கல் வரைக்கும் துளை போட்டு, மரக்கட்டை திணிச்சு, அதுல அடிக்கணும். ஆணி இறங்க இறங்க மரம் விரிஞ்சு செங்கல்லை இறுக்கிப் பிடிக்கும்."

"சுவத்துக்குள்ள பாக்காமலே எப்படிம்மா சொல்றீங்க?" என்றார் துணைவேந்தர்.

அம்மாள் மோட்டார்க்காரரைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கீங்களாண்ணே? இப்பவும் சாவி தொலையுதா?"

ஆணி அடித்தது யார் என்று கூடத்துக்குப் புரிந்தது. பிறகு யாரோ தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள், நுரை முகத்தோடு பதிவாளரும் தட்டினார்.

"நாற்பத்தோராவது காட்சிப்பொருள்!" என்று துணைவேந்தர் ஆணியைக் காட்டி முழங்கினார். பொறுப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க நிரந்தர உத்தரவுல இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்மா!"

கைதட்டல் ஓயும்வரை மோட்டார்க்காரர் பொறுமையாக நின்றார்.

"நான் தினம் சாவியத் தொலைச்சு, விடுதியில பல்லு தேய்க்கக்கூடத் தண்ணி வராமப் போய்த்தான், முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பொண்ணு சாவிக்குன்னு இந்த ஆணிய அடிச்சுக் கொடுத்துச்சு, அதனால படத்தை ஒரு ஜாண் தள்ளி மாட்டுங்க, சாயாது."