வயிறு உப்பிய பிரசுரம்

இந்த வருஷம் மனைவியிடம் யோசனையே கேட்பதில்லை என்று சபதம் போட்டுத்தான் டெஸ்மண்ட், வில்லோபுரூக் ஊர் விவசாயக் கண்காட்சியின் பிரசுரத்தை அச்சடித்தான். தாஸ்மேனியாவில் அந்தச் சின்ன ஊருக்கு ஒரே அச்சகம். முதலாளி, தொழிலாளி எல்லாம் இவனேதான்.

மூன்றாக மடிக்கிற தாளில், உள்ளே போகிற பக்கத்தைக் கொஞ்சம் ஒடுக்கமாக விடவேண்டும். சபத ஜோரில் மனுஷன் மூன்றையும் சமமாக அளந்து தொலைத்துவிட்டான்! மடித்தால் உள்பக்கம் முட்டிக்கொண்டு, பிரசுரம் வயிறு உப்பி நின்றது. ஓரத்தை வெட்டலாமென்றால் சுற்றிலும் பூ பார்டர். மறுபடி அச்சடிக்கத் தாள் இல்லை. மதியம் கண்காட்சி திறக்கிறது. இது சொதப்பினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

அவன் மனைவி நோரீன் தேநீரோடு வந்தாள். கண்காட்சிக் குழுவில் அவளும் ஒருத்தி.

"என்ன டெஸ், மூஞ்சி தொங்குது?"

"ஒண்ணுமில்லையே!"

"அப்ப ஏன் பிரசுரக் கட்டு மேல ஏறி உக்காந்திருக்க?"

"சும்மா... கொஞ்சம் படியட்டுமேன்னு."

"எந்திரி. மூணையும் சமமா வெச்சுட்டியா?"

"ஆமா கண்ணு." சபதம் அங்கேயே செத்தது.

நோரீன் மடிக்காத தாள் ஒன்றை எடுத்தாள். ஒரு பக்கத்தை முன்னால் மடித்தாள், மறுபக்கத்தைப் பின்னால் மடித்தாள். சமர்த்தாகப் படிந்தது.

"விசிறி மாதிரி மடி. இதுக்கு மூணும் சமமாத்தான் இருக்கணும்."

அடி என் தெய்வமே! டெஸ்மண்டுக்கு உயிரே திரும்பி வந்தது. இருவரும் உட்கார்ந்து மடமடவென்று மடித்தார்கள்.

"நீ இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும் நோரீன்?"

"இன்னும் அது மேலயேதான் உக்காந்திருப்ப."

கண்காட்சி வாசலில் குழுத் தலைவர் லயனல் பிரசுரத்தை விரித்து விரித்துப் பார்த்தார். "பிரமாதம்ப்பா! யாரு யோசனை?"

"எல்லாம் நோரீனோடதுதான்," என்றான் டெஸ்மண்ட், மனசார.

"ஐயையோ, இல்லவே இல்ல! எல்லாம் டெஸ் மூளை," என்றாள் அவள்.

டெஸ்மண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனசு இவளுக்கு! பெருமையைக்கூட எனக்கே விட்டுக்கொடுக்கிறாளே! நெஞ்சை நிமிர்த்தினான். "சரி, என்னோடதுதான்."

லயனல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப சர்ச்சு, தீயணைப்புப் படை, கிரிக்கெட் கிளப்பு எல்லாத்துக்கும் வருஷம் பூரா நீயே இப்படி மடிச்சுக் குடுத்துடு, இலவசமா! நல்ல யோசனை சொன்னவங்க தலையிலயே அந்த வேலையக் கட்டணும்னு குழுவுல தீர்மானம் போட்டிருக்கோமே, தெரியாதா?"

டெஸ்மண்ட் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

நோரீன் கேக்கைக் கடித்தபடி சொன்னாள்: "அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே நான்தான்."