வாளுக்குப் பொருள் சொல்பவர்

வாள் வீசத் தெரிந்தவர் ஓர் இனம், வாள் செய்யத் தெரிந்தவர் இன்னோர் இனம். நாம் பார்க்கப் போவது மூன்றாவதை: வாளுக்குப் பொருள் சொல்பவர். அடையாளம் காண்பது எளிது. நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கூடத்துச் சுவரைப் பார்த்து உங்களை நிறுத்திவிடுவார்.

நம்மவர் காப்பீட்டு அலுவலக மேலாளர். ஏலத்தில் எடுத்த பழைய இஸ்லாமிய வாள் அவருடைய சோபாவுக்கு மேலே தொங்குகிறது. பிறையாய் வளைந்த அலகு, எஃகில் தண்ணீர் ஓடுவதுபோல் ஒரு கோலம் (இதை அவர் கறை என்று நினைத்திருந்தார்), பிடியருகே எஃகைக் கீறித் தங்க இழையைத் தட்டி ஒட்டிய ஒரு வரி அரபு. அரபு அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. அதனாலென்ன? தெரிந்தவனுக்கு ஒரே பொருள்தான் கிடைக்கும், தெரியாதவனுக்கு ஆளுக்கொன்று. மருத்துவர் வந்தால், ‘உயிர் காப்பவன் கையில் இரு’. மனைவியின் அண்ணன் வந்தால், ‘உறவைப் பகைக்காதே’.

அருங்காட்சியகத்தில் பழைய வாள்களின் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தது. தேர்ந்தெடுத்தால் வாள் கண்ணாடிப் பேழைக்குள், கீழே அட்டையில் நம்மவர் பெயர். அலுவலகம் முழுக்கச் சொல்லியாயிற்று. மச்சானையும் சாட்சிக்கு அழைத்தாயிற்று. அரபு படித்த அதிகாரி அம்மாள் பார்க்க வரும்போது வாள் கறையோடு கிடக்கலாமா? முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு நைசானது. தோள் இறங்கும் வரை தேய்த்தார்.

வந்த அம்மாள் வாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“தேய்ச்சீங்களா?”

“நானேதான் மேடம். மூஞ்சி பாக்கலாம்.”

“அதைத்தான் பாத்துட்டிருக்கேன். கோலம் எஃகுக்குள்ளயே இருக்கு, தெரிஞ்சவங்க கை வெச்சா திரும்ப வரும். எழுத்து போனது போனதுதான். செஞ்சவர் பேரோ, வேண்டுதலோ... போட்டோ இருக்கா?”

நிறையவே இருந்தன. எல்லாவற்றிலும் எழுத்தை மறைத்துக்கொண்டு நம்மவர் நின்றார்.

“என்ன எழுதியிருந்துச்சுன்னாவது சொல்லுங்க.”

நம்மவர் தொண்டையைச் செருமினார். மனைவி முந்திக்கொண்டாள்.

“எதைச் சொல்றதுன்னு யோசிக்கிறாரு மேடம். டாக்டருக்குச் சொன்னதையா, எங்கண்ணனுக்குச் சொன்னதையா?”

“எனக்குச் சொன்னதுலயே மூணு இருக்கே மாப்ள,” என்றார் மச்சான்.

பேழையில் வேறு யார் வாளோ ஏறியது. நம்மவர் இடிந்துபோயிருப்பார் என்கிறீர்களா? எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: “மியூசியத்துலேருந்தே வந்து பாத்தாங்க சார். அவங்களாலயே படிக்க முடியல.”

பொய்யில்லை, பாருங்கள்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வாள் இல்லை, தெரியும். ஆனால் நீங்கள் படிக்கத் தெரியாத ஏதோ ஒன்று உங்கள் கூடத்திலும் மாட்டியிருக்கிறதே, அதற்குப் போன வாரம் வந்தவரிடம் என்ன பொருள் சொன்னீர்கள்? அதற்கு முன் வந்தவரிடம்? சந்தேகமிருந்தால் வீட்டில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு இரண்டுமே நினைவிருக்கும்.