சுவிட்சு போட்டவர்

"எங்க தாத்தா படத்துக்குக் கீழ எதுக்குத் தம்பி உங்க தாத்தா பேரை எழுதி வெச்சிருக்கீங்க?"

இருசம்மாள் கோபமாகக் கேட்கவில்லை. புடவைக் கடையில் சாயம் போகுமா என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஆனாலும் ரத்தினவேலுக்குக் கையிலிருந்த பிரஷ் நின்றுவிட்டது.

கல்லாத்துமேடு பேரூராட்சியின் பழைய நூலகக் கட்டடத்தில் ஒரே ஒரு அறை. அதை ஊர் வரலாற்று அறையாக ஆக்கித் தருகிறேன் என்று இரண்டு வருடங்களுக்கு முன்பு வாக்குக் கொடுத்தவர் அவர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் ரயில் பெட்டிகளில் ஸ்டென்சில் வைத்து எழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து தினமும் கொள்ளிடத்தைத் தாண்டி பஸ் பிடித்து வந்து, சொந்த ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, பரணில் கிடந்ததையெல்லாம் கெஞ்சி வாங்கிச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே பெயர் எழுதியிருந்தார். எல்லாம் ரயில் பெட்டி எழுத்து. நெல் அளக்கும் சின்ன மரக்காலுக்குக் கீழே எழுதியிருந்ததைக்கூடப் பிளாட்பாரத்தின் கடைசியிலிருந்து படிக்கலாம்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இன்றைக்கு ஞாயிறு.

"அக்கா, இது எங்க அம்மா வெச்சிருந்த படம். 1959ல ஊருக்குக் கரண்டு வந்த அன்னிக்கு எடுத்தது. சுவிட்சு போட்டுட்டு நடுவுல மாலையோட உட்கார்ந்திருக்கறது எங்க தாத்தா மாணிக்கம்."

"இதே படம் எங்க வீட்டுலயும் இருக்கே. இதே பந்தல், இதே நாய். நடுவுல எங்க தாத்தா."

ரத்தினவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இருபது பேர் நிற்கும் படத்தில் ஒவ்வொரு முகமும் உளுந்து அளவு. நடுநாற்காலிக்காரர் சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். இடது கையில் வட்டமாக ஏதோ ஒன்று. அது வெற்றிலைப் பெட்டி என்று அம்மா சொல்வார். வீட்டில் விளக்குப் போடும்போதெல்லாம், "எங்க அப்பா போட்ட வெளிச்சம்டா" என்பதும் அம்மாவின் வழக்கம். அதைக் கேட்டே வளர்ந்தவர் அவர். இந்த அறையே அந்தப் படத்துக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

இருந்தாலும் வெள்ளிக்கிழமை முக்கியம். மாணிக்கத்தின் பெயரை அழித்துவிட்டு, 'சுவிட்சு போட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர்' என்று எழுதினார். அழிக்கும்போது மனசு கனத்தது.

சாயங்காலம் உரக்கடை சரவணன் வந்தான்.

"அண்ணே, எங்க தாத்தாவை 'ஒருவர்'னு எழுதியிருக்கீங்களாமே?"

"உங்க தாத்தாவா?"

"நடுவுல இருக்கறது அவர்தானே? கையில மெடல் இருக்கு பாருங்க. எங்க வீட்டுப் படத்துல நல்லாவே தெரியும்."

பேச்சோடு பேச்சாகத் தங்கள் வீட்டுப் பித்தளை மரக்காலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனான். மறுநாள் காலை இருசம்மாள் ஆள் அனுப்பி, தான் கொடுத்திருந்த ஊரின் முதல் ரேடியோவை எடுத்துக்கொண்டார்.

ரத்தினவேல் யோசித்தார். வாய்ப்பேச்சு வேண்டாம், எல்லோரும் அவரவர் படத்தைக் கொண்டுவரட்டும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று முடிவு செய்தார். அதைவிடப் பெரிய தப்பை அவர் பணிக்காலத்தில்கூடச் செய்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று படங்களும் மேசைக்கு வந்தன. கூடவே பாதி ஊரும் வந்தது. பூதக்கண்ணாடி கைமாறியது. மூன்றிலும் அதே பந்தல், அதே இருபது பேர், அதே நாய். நடுவில் அதே கோட்டு, அதே மாலை. முகம் மட்டும் ஒன்றில் மீசை வைத்திருந்தது, ஒன்றில் வழுக்கை, ஒன்றில் நெற்றி நிறைய விபூதி.

"உங்க படம் டூப்பு," என்றான் சரவணன்.

"யாரைப் பார்த்து டூப்புங்கறே? உங்க தாத்தாவுக்குக் கழுத்தே இல்ல பாரு," என்றார் இருசம்மாள்.

ரத்தினவேல் மூன்று படங்களையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். படமே வேண்டாம், பிரச்சினையும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. 'எங்க தாத்தாவை ஒளிச்சு வெச்சுட்டார்' என்று மூன்று தெருவிலும் பேச்சானது. கட்சி சேர்ந்தவர்கள் எல்லாம் தங்கள் பொருளைத் திரும்ப வாங்க வந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் அறையில் மிஞ்சியது பள்ளிக்கூட மணி ஒன்றும், ரத்தினவேலின் எழுத்துகளும்தான். 'ஊரின் முதல் ரேடியோ' என்று பலகை சொன்னது. மேசையில் தூசிக்கு நடுவே ரேடியோ இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

செயல் அலுவலர் ஸ்ரீவித்யா வந்து நின்று பார்த்தார்.

"சார், வெள்ளிக்கிழமை நீங்க திறக்கலைன்னா, சனிக்கிழமை இந்த ரூம்ல பிளீச்சிங் பவுடர் மூட்டையை இறக்கியாகணும். எனக்கு வேற இடம் இல்ல."

"ஒரு நாள் குடுங்க மேடம்."

அவர் போன பிறகு ரத்தினவேல் வெறும் அறையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடம் பஸ்ஸில் இடிபட்டதெல்லாம் வீணா என்று நினைத்தார். பீரோவைத் திறந்து படங்களைத் திருப்பிப் பார்த்தார். மூன்றின் முதுகிலும் ஒரே முத்திரை: ஹபீபுல்லா ஸ்டூடியோ, பாலக்கரை.

வியாழக்கிழமை காலை ஒரே பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள். இருசம்மாள் முன்சீட்டில், சரவணன் பின்சீட்டில், படங்களை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் ரத்தினவேல். சமயபுரம் கூட்டம் ஏறி இறங்கியும் மூன்று பேரும் இடம் மாறவில்லை.

ஸ்டூடியோ இன்னும் இருந்தது. ஹபீபுல்லாவின் மகன் கியாசுதீன் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். படங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளேயிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. மூணுமே எங்க அத்தா செஞ்ச வேலைதான். ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து, நடுவுல என் தலையை வெச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்காங்க. தலையை வெட்டி ஒட்டி, ஓரத்தைப் பென்சிலால தீட்டி, மறுபடி படம் எடுக்கணும். அத்தாவுக்கு அதுல நல்ல கை."

நோட்டில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் பெயர் மாணிக்கம். வந்த தேதி, கரண்டு வந்த விழா முடிந்த மூன்றாம் நாள்.

ரத்தினவேலுக்கு வலித்தது. அம்மா உயிரோடு இல்லாதது ஒருவிதத்தில் நல்லது என்றுகூடத் தோன்றியது. சரவணன் சுவரைப் பார்த்தான். இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கழுத்து இல்லைன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதே," என்றார் சரவணனிடம்.

"விடுங்க அத்தே. ரேடியோவையும் மரக்காலையும் நாளைக்குக் காலையில நானே வண்டியில கொண்டாந்து வெச்சுடறேன்."

ரத்தினவேலுக்கு உயிர் வந்தது. "அப்ப ஒண்ணு செய்வோம். நிஜமாவே நடுவுல உட்கார்ந்தவர் யாரோ, அவர் பேரைப் போட்டுடுவோம். யார் வீட்டு ஆளா இருந்தாலும் சரி, சண்டை கூடாது. ஊருக்கு வெளிச்சம் குடுத்தவர் அவர்தான். சம்மதமா?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கியாசுதீன் ஒரு பழுப்புக் கவரிலிருந்து அசல் படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

மீசை, வழுக்கை, விபூதி எதுவும் இல்லாத முகம். ஒல்லியாக, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எழுந்து ஓடத் தயாராக இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள்.

"நம்ம ஊர்ல இப்படி ஒரு ஆள் கிடையாதே," என்றார் இருசம்மாள்.

"மந்திரியா இருக்குமோ?" என்றான் சரவணன்.

"யாரோ பெரிய மனுஷர். பேரைக் கண்டுபிடிச்சு, பெரிய எழுத்துல எழுதறேன்," என்றார் ரத்தினவேல். "பாய், உங்களுக்குத் தெரியுமா?"

கியாசுதீன் பதில் சொல்வதற்குள், டீ கொண்டுவந்த அவர் மனைவி ஆபிதா தட்டை வைத்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தார்.

"அட, இது எங்க மாமா, இவரோட அத்தா. கூடப் போன பையன்தான் இதை எடுத்தானாம். மந்திரி வரலை, நல்ல நேரம் முடியப்போகுது, உங்க ஊர்ல யார் சுவிட்சைப் போட்டாலும் மத்தவங்க அடிக்க வந்துடுவாங்கன்னு, படம் எடுக்கப் போன மனுஷனை, கையில இருந்த கேமரா மூடியைக்கூடக் கீழ வைக்க விடாம, பிடிச்சு சுவிட்சைப் போட வெச்சு, நடுவுல உட்கார வெச்சுட்டாங்களாம்."