நாலாவது தடவை கூப்பிட்ட குற்றம்

நன்னிலம்,
9.1.2025

மதிப்புக்குரிய கமாண்டிங் ஆபீசர் கர்னல் அய்யா அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் படைப்பிரிவில் ஹவில்தாராக இருக்கும் அறிவுச்செல்வனின் தகப்பன், ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர் ரெத்தினம் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ஆனந்தமும் அறுப்புக்கு நிற்கும் நாலு மா சம்பாவும் சுகம். தாங்களும் தங்கள் வீட்டு அம்மாவும் தங்கள் வசமுள்ள துப்பாக்கிகளும் யாதொரு தொந்தரவும் இன்றி ஓய்வாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் கும்பகோணத்தில் பெண் எடுத்தவர், தமிழ் நன்றாக வாசிப்பீர்கள் என்று மகன் சொன்னதால்தான் இந்தத் துணிச்சல். எங்காவது புரியாமல் போனால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லவும்.

விஷயம் இதுதான். சிப்பாய் முபாரக், எங்கள் பக்கத்துக் கீழ்வேளூர்ப் பிள்ளை, அவன் மேல் வருகிற திங்கட்கிழமை விசாரணை. ஆயுதக் கிடங்கில் காவல் நின்றவன், மூன்று முறை எச்சரித்தும் பதில் சொல்லாத ஆளைச் சுடாமல், நாலாவது முறையும் கூப்பிட்டுக்கொண்டு நின்றான் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆள் அடியேன்தான். ஆகவே, சுடப்படாத தரப்பு என்கிற முறையில் என் வாக்குமூலத்தையும் கோப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். என்னால் அந்தப் பிள்ளைக்கு வேலை போனால் எனக்குச் சோறு இறங்காது அய்யா. இப்போதே சரியாக இறங்கவில்லை.

மார்கழியில் மகனோடு இருபது நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நாங்கள் இருவரும் அங்கே குடும்பக் குவார்ட்டர்ஸுக்கு வந்தது தாங்கள் அறிந்ததே. வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வருகிறதல்லவா, ஆறாம் நாள் சாயங்காலம் பார்த்தால் அது பாட்டுக்கு வழிந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கடைமடைக்காரன். மேட்டூர் திறந்தார்கள் என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து எங்கள் வாய்க்காலில் கால் நனைய எத்தனை நாள் ஆகும் என்று விரல் விட்டு எண்ணுகிற ஜாதி. கண்ணெதிரே தண்ணீர் வீணாகப் போனால் எப்படி உட்கார்ந்திருப்பது? தோட்டத்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உடைப்பு எங்கே என்று கரையோடு போனேன். வழியில் மஞ்சள் கயிறு கட்டி ஒரு போர்டு தொங்கியது. இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் நானும் புறம்போக்கில் எத்தனையோ போர்டு நட்டவன், ஒருத்தர் படித்து நான் பார்த்ததில்லை, அந்தப் பழக்கத்தில் குனிந்து உள்ளே போய்விட்டேன். பனி மூடிக்கொண்டது. முன்னும் தெரியவில்லை, பின்னும் தெரியவில்லை. அப்போதுதான் பின்பக்கம் ஒரு குரல் இந்தியில் அதட்டியது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் மூன்று தடவை வரை வாய் திறக்கக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. காத்து கருப்பு எதுவானாலும் மூன்றுக்கு மேல் கூப்பிடாது. நாலாவது தடவை கூப்பிட்டால் மனுஷன். ஆனந்தம் இதில் ரொம்பக் கண்டிப்பு. கூரியர்காரன் வாசலில் மூன்று தடவை கத்திவிட்டுப் பார்சலோடு திரும்பிப் போன கதையெல்லாம் எங்கள் வீட்டில் உண்டு. நம்பாவிட்டால் தங்கள் வீட்டு அம்மாவையே கேட்டுப் பாருங்கள்.

ஆகவே முதல் குரலுக்கு நான் திரும்பவில்லை. நடையைக் கூட்டினேன். இரண்டாவது குரல் கிட்டத்தில் வந்தது, கூடவே இரும்பை இழுத்துவிட்டாற்போல ஒரு சத்தம். அய்யய்யோ, இது என்னடா வம்பு என்று துண்டைக் காதோடு இழுத்துவிட்டுக்கொண்டேன். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது குரலில் காதே அடைத்துப் போனது. கால் நின்றுவிட்டது. உள்ளுக்குள் சிவ சிவா என்கிறேன். மூன்று எப்போது முடியும், பதில் சொல்லலாம் என்று நான் நிற்கிறேன். மூன்று எப்போது முடியும், சுடலாம் என்று அவன் நிற்கிறான். இது எனக்குத் தெரியாது அய்யா, சத்தியமாகத் தெரியாது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு, அதட்டிய அதே குரல் சின்னதாக, தமிழில், "யாருங்க அது?" என்றது.

அவ்வளவுதான், நாலு ஆகிவிட்டதே! "ரெத்தினம், வருவாய் ஆய்வாளர் ஓய்வு, நன்னிலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்!" என்று மனுவில் எழுதுகிற மாதிரி கத்தினேன். முபாரக் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அந்தக் குளிரில் அவன் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

வீட்டில் நடந்ததை எழுதினால் கடிதம் தாங்காது. "மம்பட்டியைத் தோள்ல வச்சுக்கிட்டு ஆயுதக் கிடங்குக்குள்ள யாருப்பா போவா? பனியில அது துப்பாக்கி மாதிரியே தெரியுதுப்பா! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனந்தம், "நீங்க போயி அடைக்கலன்னா மேட்டூரு வத்திப் போயிருமோ?" என்று கேட்டவள், அப்புறம் நாலு நாள் பேசவில்லை. ராத்திரி மட்டும் நான் மூச்சு விடுகிறேனா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தாள்.

முபாரக் சட்டைப்பையில் இருந்த விதி அட்டையை மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். யாரைச் சுடலாம், எப்போது சுடலாம், எத்தனை தடவை எச்சரிக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒரு குண்டுகூடக் கூடாது என்று பிசிறில்லாமல் எழுதியிருக்கிறார்கள். எங்கள் டிபார்ட்மெண்ட் சுற்றறிக்கை எதுவும் அதன் கிட்டே வராது. ஆனால் ஒரு குறை. கூப்பிடப்படுகிறவன் மூன்றுக்குள் பதில் சொல்லிவிடுவான் என்று எழுதியவர் நம்பியிருக்கிறார். அவருக்கு எங்கள் ஜில்லா தெரியவில்லை. முபாரக்குக்குத் தெரியும். எதிரே நிற்பது நம்ம பக்கத்து ஆளாக இருந்தால் நாலாவதுக்குத்தான் வாய் திறப்பான் என்று யோசித்துத்தான் அந்தப் பிள்ளை கூப்பிட்டிருக்கிறான். இது கடமை தவறியது ஆகுமா? சந்தேக ஆசாமியை 'யாருங்க' என்று மரியாதையாகக் கேட்டான் என்று தனியாக ஒரு குற்றம் வேறு. எங்கள் ஊரில் ஆட்டைத் திருடியவனையே 'வாங்க' என்றுதான் கூப்பிட்டு அடிப்பார்கள். ஆகவே வழக்கைத் தள்ளுபடி செய்வதோடு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தாருக்கு மட்டும் நாலு தடவை என்று அட்டையைத் திருத்த மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

தங்களுக்குப் பதவி மேல் பதவி வரட்டும். வேளாங்கண்ணி மாதாவும் நாகூர் ஆண்டவரும் எங்கள் தியாகராஜரும் ஷிப்ட் போட்டு அந்த எல்லையைக் காக்கட்டும். அம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரெத்தினம்

பின்குறிப்பு: விசாரணையில் நான் ஒன்று சொல்லி அவன் ஒன்று சொல்லிவிடக் கூடாதே என்று, உறையை ஒட்டுமுன் முபாரக்கைப் போனில் கூப்பிட்டு முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். முடிகிறவரை கேட்டான். "நல்லா எழுதியிருக்கீங்க மாமா. ஆனா எங்க வீட்டுல அப்படி ஒரு வழக்கம் கெடையாது. நாலு தடவைங்கிறதையே இப்பத்தான் கேக்குறேன்" என்றான். "அப்ப எதுக்குய்யா நாலாவது தடவை கூப்பிட்டே?" என்றேன். "மூணு முடிஞ்சதும் ட்ரிக்கர அழுத்திட்டேன் மாமா. சேஃப்டி லாக்க எடுக்க மறந்துட்டேன். வெடிக்கலன்னதும் பயத்துல வாயில வந்ததுதான் அது. அறிவு அண்ணன்கிட்டகூட சொல்லல" என்றான். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க மாமா, என்னால வாயால சொல்ல முடியல" என்றவன், போனை வைக்குமுன், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

ஆகவே அய்யா, மேலே கண்ட வாதங்களை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முபாரக் விதியை மீறவில்லை. மூன்று முறை கூப்பிட்டான், நான் வாய் திறக்கவில்லை, சுட்டான். குற்றச்சாட்டு நிற்காது. சேஃப்டியை மறந்ததற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் பாதியாகக் குறைத்துக் கொடுக்கவும், அந்த மறதியில்தான் நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்குறிப்பில் கையெழுத்து மேலே உள்ளது போல இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். இரண்டும் நான் எழுதியதுதான்.