சம்பந்திக்கு ஒரு கிண்ணம் இலை

ஒரு கிண்ணம் பச்சிலைக்காகப் பொய் சொன்னவன் நான். உலகத்தில் வேலைக்காகவும் நிலத்துக்காகவும் காதலுக்காகவும் பொய் சொல்கிறார்கள். அந்தப் பொய்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டி, அலமாரி நிறையப் புத்தகம் படித்து, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி என்ற பெயரும் வாங்கிய ஒருவன், ஆடு தின்னும் சமாச்சாரத்துக்காகப் பொய் சொன்னான் என்றால் அதற்கு எந்த மரியாதையும் கிடையாது. (கிடைக்கவும் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.)

சம்பவம் தொடங்கியது சிரம்பானில், ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில். சிரம்பானில் மருந்தாளராக வேலை பார்க்கும் என் மகள் பிரிசில்லா, டேனியல் என்ற பையனைத் தானே தேர்ந்தெடுத்திருந்தாள். பையன் தங்கம். அவன் பெற்றோர் ரஹாங்கில் இருப்பவர்கள், சிலோன் வழி, மூன்று தலைமுறையாக மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்த குடும்பம். நாங்களோ கோலா பிலா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்காரர்கள். இரண்டு குடும்பமும் ஒரே கர்த்தரைத்தான் கும்பிடுகிறோம். ஆனால் அவர்கள் கும்பிடும்போது கைக்குட்டை மடிப்புக் கலையாது.

டேனியலின் அப்பா செல்வரத்தினம் அதிகம் பேசமாட்டார். அவருடைய வலது முழங்கால்தான் அவருக்காக முனகும். மற்ற எல்லாவற்றையும் மிஸஸ் செல்வரத்தினம் பேசிவிடுவார். கல்யாணத்துக்கு அந்த அம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "ஜெபத்தில வச்சிருக்கிறன். கர்த்தர் ஒரு அடையாளம் காட்டட்டும்" என்று மகனிடம் சொல்லியிருந்தார். அந்த வரியை டேனியல் பிரிசில்லாவிடம் சொல்ல, அவள் எங்களிடம் சொல்ல, வீட்டில் எல்லோரும் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

கடையில் முதலில் வந்தது ஒரு பெரிய கிண்ணம். உள்ளே இலை, வட்டமாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, பொரித்த ரொட்டித் துண்டு, சீஸ் துருவல், கறுப்பாக ஏதோ காய். எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக, கெட்டியாக ஒரு குழம்பு. நான் அதை அலங்காரம் என்று நினைத்து ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, பரிமாற வந்த பையனிடம் சோறு எப்போது வரும் என்று விசாரித்தேன். மகள் குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள்.

மிஸஸ் செல்வரத்தினம் மிகவும் அன்பாகத்தான் கேட்டார்: "தம்பிக்கு இந்தச் சாப்பாடெல்லாம் பழக்கம் இல்லையோ?"

அந்தக் கேள்வியில் ஒன்றுமே இல்லை. ஆனால் என் காதுக்குள் போகும் வழியில் அது ரஹாங், செம்பனை, மூன்று தலைமுறை மின்விசிறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வீட்டில் அடிக்கடி செய்வோம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நானேதான் செய்வேன் என்றேன். என் மனைவி எஸ்தர் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். மிதி வாங்கிய வேகத்தில், அந்த வெள்ளைக் குழம்பையும் நானே கடைவேன், போத்தலில் விற்பதை எங்கள் வீட்டில் வாயில் வைக்கமாட்டோம் என்றும் சொல்லிவிட்டேன்.

அம்மாள் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லது. அடுத்த மாதம் உங்கட வீட்டுக்கு வாறம். உங்கட கையால சாப்பிடுவம்."

கோலா பிலாவுக்குத் திரும்பும் வழியில், புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் காடியை ஓட்டிக்கொண்டிருந்தேன். இறக்கம் முடிந்ததும் எஸ்தர் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தபடி சொன்னாள்: "சோத்துக்குத் தண்ணி எவ்ளோ வெக்கணும்னு இன்னும் என்னையத்தான் கேக்குறீங்க."

அன்றே தீர்மானித்தேன். செய்துகாட்டுவது என்று.

என் உறுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குத் திறமை எப்போதும் இருந்ததில்லை. உறுதி மட்டும் உண்டு. இந்தச் சேர்க்கையால் வரும் சேதம் அளவில்லாதது. அதன்பின் ஒரு மாதம் முழுவதும் ஆபீசிலிருந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைபேசியைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்து, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் காணொளியைப் பார்த்தேன். அந்தப் பெண்மணி முட்டை மஞ்சள் கருவில் கடுகு விழுதைப் போட்டு, ஒலிவ் எண்ணெயை நூல்போல ஊற்றிக்கொண்டே அடித்தாள். கண்ணெதிரே அது வெண்ணெய்போலத் திரண்டது. பிறகு வினிகர், பூண்டு, காய்ந்த இலைத்தூள். அவ்வளவுதான் என்று சிரித்தாள்.

என் கையில் அது திரளவில்லை. முட்டை ஒரு பக்கமும் எண்ணெய் ஒரு பக்கமுமாக, சங்கத் தேர்தல் முடிந்த மறுநாள் காலை போல, முகம் திருப்பிக்கொண்டு நின்றன. எஸ்தர் எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றினால் சேரும் என்றாள். இத்தாலியில் தென்னை கிடையாது என்றேன். இலைத்தூளை முகர்ந்துவிட்டு, இது நம் கொல்லையில் இருக்கிற கற்பூரவல்லி மாதிரித்தானே, சளிக்கு நல்லதாச்சே என்றாள். அதையும் நான் காதில் வாங்கவில்லை. கோலா பிலா பசாரில் மேட்டுநிலக் கீரை விற்கும் சீனக் கிழவர், வாராவாரம் நான் அள்ளிப் போவதைப் பார்த்து, மலாயில் மெதுவாக, எத்தனை முயல் வளர்க்கிறாய் என்று விசாரித்தார்.

கடைசியில், விருந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அது திரண்டது. கரண்டியைக் கவிழ்த்தாலும் விழவில்லை. நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். எஸ்தர் ஒரு விரலில் தொட்டு நக்கிவிட்டு, "பரவால்ல லா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் எந்தச் செயலுக்கும் இவ்வளவு பெரிய பாராட்டு வந்ததில்லை.

விருந்து நாள் வந்தது. எஸ்தர் விடியற்காலையே எழுந்து கோழிப் பிரட்டலும் நெய்ச்சோறும் முடித்துவிட்டு, குளித்துச் சேலை கட்டப் போனாள். பிரிசில்லா முன்னறையில் மெத்தை உறைகளை நான்காவது முறையாக நேர்ப்படுத்திக்கொண்டிருந்தாள். மலை ஏறிவிட்டோம் என்று டேனியலிடமிருந்து தகவல் வந்தது.

நான் அடித்துக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று எல்லாவற்றையும் இரண்டு மடங்காகப் போட்டிருந்தேன். முட்டை இரண்டு மடங்கு. பூண்டு இரண்டு மடங்கு. எண்ணெய் மட்டும், பழகிப் பழகியே முக்கால் போத்தலைத் தீர்த்திருந்ததால், பாதிவழியில் தீர்ந்துபோனது. கிண்ணத்தில் இருந்தது திரளாமல் மோராகவே நின்றது.

இங்கே என் நிலைமையை நீங்கள் சரியாகப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. அடுப்புக்குக் கீழே குடம்போல ஒரு தகரத்தில் செம்பனை எண்ணெய். என் அப்பா வெட்டிச் சுமந்ததும், நான் கணக்கு எழுதுவதும், மகளைப் படிக்கவைத்ததும் அந்த எண்ணெய்தான். அதில் ஒரு கரண்டி ஊற்றியிருந்தால் காரியம் முடிந்தது. ஆனால் காணொளிப் பெண்மணி ஒலிவ் எண்ணெய் மட்டும்தான் என்று சொல்லியிருந்தாள். ரஹாங்குக்காரர்களுக்குச் செம்பனை எண்ணெயில் இத்தாலிய சாலட் போடுவதா? எண்ணெயில் மிதக்கிற ஊரில், எண்ணெய் இல்லாமல், கையில் கிண்ணத்தோடு நின்றேன்.

அப்போதுதான் முன்னறை அலமாரியில், வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருந்த போத்தல் கண்ணில் பட்டது. எங்கள் பாஸ்டர் எருசலேம் போய்வந்தபோது வாங்கி, ஜெபித்துக் கொடுத்தது. எஸ்தர் அதை ஆண்டுக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துவந்தாள்: பிரிசில்லாவின் பரீட்சை நாளில் நெற்றியில் ஒரு சொட்டு, புதுக் காடியின் மூக்கில் ஒரு சொட்டு, எனக்கு இரத்த அழுத்தம் ஏறியபோது உச்சந்தலையில் கொஞ்சம் தாராளமாக. லேபிளில் 'தூய ஒலிவ எண்ணெய்' என்று போட்டிருந்தது. படித்தவன் இல்லையா, லேபிளை நம்பினேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வெள்ளைப்போளப் பிசின், ரோஜா அத்தர் என்று போட்டிருந்ததைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். கண்ணாடி சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

மகள் வாசலுக்குப் போன நேரம் பார்த்து, போத்தலில் மிச்சமிருந்த அத்தனையையும் ஊற்றினேன். அடித்தேன். அற்புதம்போல அது திரண்டது. வாசனை எதுவும் எனக்குத் தெரியவில்லை; இரண்டு மடங்குப் பூண்டை நசுக்கியவனின் மூக்கு எதையும் உணரும் நிலையில் இல்லை. காலிப் போத்தலை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அவர்கள் வந்தார்கள். செல்வரத்தினம் ஐயா வாசற்படியை ஒவ்வொன்றாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எல்லோரும் மேசையில் உட்கார்ந்ததும், கடையில் பார்த்ததுபோலவே, அவர்கள் கண்முன்னே நான் இலையில் குழம்பை ஊற்றி இரண்டு கரண்டியால் புரட்டிப் புரட்டிக் கலக்கினேன். பிறகு வழக்கம்போல விருந்தாளியைச் சாப்பாட்டுக்கு ஜெபிக்கக் கேட்டோம். மிஸஸ் செல்வரத்தினம் கண்ணை மூடினார்.

நீளமான ஜெபம். சோற்றுக்காக நன்றி சொல்லி, சமைத்த கைகளுக்காக நன்றி சொல்லி, மெல்லப் பிள்ளைகளின் காரியத்துக்கு வந்தார். மதிய வெக்கை. மேசை நடுவில் கிண்ணம். திடீரென்று அவர் குரல் தடுமாறியது. "ஆண்டவரே... உம்முடைய பரிமளம் இந்த வீட்டில் இறங்குகிறதே..." அழுதுவிட்டார். எனக்கும் அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. வெள்ளைப்போளமும் ரோஜாவும் கலந்து, ஆராதனை நேரம் போல. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் நம்பிக்கையில்லாமல் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் தூங்கியதை நினைத்து எனக்கே கண் கலங்கியது. ஆமென் சொல்லும்போதுதான், கலக்கிய என் கையிலிருந்தே அந்த வாசனை வருவதைக் கவனித்தேன்.

"உங்களுக்கும் வந்ததோ?" என்று அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். "நான் ஒரு அடையாளம்தான் கேட்டிருந்தன்."

பிரிசில்லாவும் டேனியலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையை நான் மறக்கமாட்டேன். கல்யாணம் முடிந்தேவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொள்வதென்று உறுதியாகத்தான் இருந்தேன்.

எஸ்தர் எழுந்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். அலமாரிக்குப் போனாள். போத்தலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"பிரிசில்லா அப்பா," என்றாள், மிகவும் நிதானமாக. "ஜெபம் பண்ணுன எண்ணெய் எங்க?"

கல்யாண விஷயத்தில் பொய்யான அடையாளத்தை அவளால் தாங்க முடியாது. எனக்கும் வேறு வழியில்லை. "பத்தல," என்றேன். "ஒலிவ் எண்ணெய்னு போட்டிருந்துச்சி."

 மிஸஸ் செல்வரத்தினம் மெதுவாகக் குனிந்து கிண்ணத்தை முகர்ந்தார். நிமிர்ந்தார். "நான் அழுதது இந்த இலைக்கா?"

பிறகு கேட்டார், இதற்கு முன் உண்மையில் எத்தனை தரம் செய்திருக்கிறேன் என்று. சரியாக வந்தது போன ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவைதான் என்று சொன்னேன். கடையில் பார்க்கும்வரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். மகளின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும், தம்பி. ஒலிவ் காயையெல்லாம் கறிவேப்பிலை மாதிரித் தட்டு ஓரத்தில வரிசையா ஒதுக்கி வச்சிருந்தீங்க."

தெரிந்தும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"சொன்ன பொய்க்கு ஒரு மனுசன் எவ்வளவு பாடுபடுவான் எண்டு பாக்கத்தான்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை. மடிப்புக் கலையாத கைக்குட்டை முதல்முறையாகக் கசங்கியது. அடையாளத்துக்கு இனிக் காத்திருக்கத் தேவையில்லை, மகளுக்காக இவ்வளவு கேவலப்படத் துணிந்த தகப்பன் உள்ள வீட்டில் பெண் எடுக்கலாம் என்றார். பிரிசில்லா அழுதாள். டேனியல் சாலட்டை ஒரு வாய் போட்டு, மென்று, மிகவும் மரியாதையாகத் தண்ணீர் குடித்தான். நானும் ஒரு வாய் போட்டேன். ரோஜாச் சோப்பைப் பூண்டில் தோய்த்துத் தின்றதுபோல இருந்தது.

செல்வரத்தினம் ஐயா மட்டும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். தட்டைக் காலி செய்துவிட்டு, நீட்டினார். "இன்னும் கொஞ்சம் வையுங்கோ."

கல்யாணம் நல்லபடியாக நடந்து, பேரப்பிள்ளையும் வந்தாயிற்று. எங்கள் இரண்டு குடும்பத்திலும் இப்போது யாருக்காவது காய்ச்சல் என்றாலோ பரீட்சை என்றாலோ, கொஞ்சம் சாலட் தடவி அனுப்பு என்பார்கள். புதுப் போத்தல் கேட்டு எஸ்தர் போனபோது, பாஸ்டர் நடந்ததை முழுதும் கேட்டுவிட்டு, நன்றாகத் திரண்டதா என்று மட்டும் விசாரித்தாராம். நான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். ஏனென்றால் என்னிடம் அந்த இரண்டாவது தட்டு இருந்தது. நல்ல நாக்கு உள்ள ஒரு மனிதர், கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மற்றவர்களுக்குச் சுவை தெரியவில்லை, அவ்வளவுதான்.

அண்மையில் உறவுக்காரர் ஒருவரின் கல்யாண மண்டபத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கூச்சத்தை விட்டு நேராகவே கேட்டேன்: "சம்பந்தி, உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே. நல்லாத்தானே இருந்துச்சி?"

அவர் வலது காலை மெல்ல நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"ஜெபிச்ச எண்ணெய் எண்டு சொன்னீங்க, அதால சாப்பிட்டனான்," என்றார். "கால் நோவுதான் குறையேல்ல."